பத்துப் பேர் வேண்டும்

சேலம் ஜங்ஷனில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டுவதற்குள் ஐசக் கேட்டார்: "இங்கே பத்துப் பேர் கிடைப்பார்களா?"

காபி கிடைக்குமா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். காலை ஏழு மணிக்கே பிளாட்பாரக் கூரை சுட ஆரம்பித்திருந்தது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வெயில் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்குச் சாயங்காலம் கடல்காற்று என்று ஒரு ஆறுதல் உண்டு. இந்தப் பக்கத்து வெயிலிடம் அந்த மரியாதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. எழுபத்து நான்கு வயது ஐசக், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்கு வந்த பையனைப் போல வெளிறிப்போய் நின்றார்.

ஐசக் யூதர். ஜாம்பியாவின் தெற்கே ஒரு சிறிய ஊரில் மக்காச்சோளப் பண்ணை வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி அங்கே வந்தவர். அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் நான் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐசக் வீட்டில் செஸ் ஆடப் போவேன், பெரும்பாலும் தோற்றுத் திரும்புவேன்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் அவர் பண்ணையில் போர்வெல் போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று வந்தது. இந்தப் பக்கத்து ரிக்குகள் போகாத ஆப்பிரிக்க நாடு குறைவு. அதில் டிரில்லராக இருந்தவர் நாச்சிமுத்து. மூன்றாம் நாள் பண்ணை டேங்கில் டீசல் குறைந்திருந்தது. டேங்கின் சாவி நாச்சிமுத்துவிடம் இருந்தது. ஐசக்குக்குத் தமிழ் தெரியாது, நாச்சிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது, நடுவில் நான். தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்க்கப் பண்ணையாட்களும் அக்கம்பக்கத்தாரும் கூடி நின்ற இடத்தில், நீதான் டீசலை எடுத்தாயா என்று என் வாய்தான் கேட்டது. அவர் இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. அந்த வாரமே அவரை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

எடுத்தது ஐசக்கின் தங்கை மகன். கனடாவுக்குக் குடிபோவதற்கு முன்னால் போன வருடம் அவனே மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் அதற்குள் ஓய்வுபெற்று ஊருக்கு வந்திருந்தேன். அன்றே ஐசக் போன் செய்து, நாச்சிமுத்துவைக் கண்டுபிடியுங்கள், நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவர்கள் மார்க்கத்தில் கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதில் கடவுள் தலையிட மாட்டார். நான் விசாரித்தேன். நாச்சிமுத்து இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் காதில் விழும்படி, இந்த மனிதருக்கு நான் இன்ன தப்புச் செய்தேன் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முறைப்படி அந்தப் பத்துப் பேரும் யூதர்களாக இருக்க வேண்டும். ஆனால் ஐசக் ஊர்ப் பிரார்த்தனைக் கூடத்தில் பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்தே பல வருடம் ஆகிறது. பாதிப் பேர் மண்ணுக்குள், மீதிப் பேர் வெளிநாட்டில். "சட்டம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டட்டும். அவர் பெயர் எந்த ஊரில் கெட்டதோ அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேர்தான் எனக்கு வேண்டும்" என்றார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காலைச் சாப்பாட்டிலேயே சண்டை வந்தது. ஐசக் வெளியில் கறி தொட மாட்டார், முட்டை சாப்பிடுவார். ஆனால் ஒவ்வொரு முட்டையையும் தனியாக ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் பொட்டு ஒன்று இருந்தாலும் அந்த முட்டை ஆகாது. நான் இதைச் சொன்னதும் மெஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாமக்கல் முட்டைங்க இது. நாடு பூரா இதத்தான் திங்குது" என்றார். சந்தேகமில்லை, அவர்கள் வழக்கம் இது என்று நான் கெஞ்சினேன். முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக உடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவது முட்டையில் கடுகளவு சிவப்பு இருந்தது. மனிதர் அதைக் கொட்டிவிட்டு வேறு முட்டை எடுத்தார். பிறகு நாங்கள் கைகழுவும் வரை எங்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பனமரத்துப்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் ஐசக்குக்கு ஜன்னலோரம் கிடைத்தது, எனக்குக் கம்பி கிடைத்தது. அவர் திடீரென்று சொன்னார், "பொய்யாகப் பழி சொன்னது ஒரு தப்பு. அதைப் பலர் முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஒருவரைப் பொதுவில் வெட்கப்படுத்துவது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். முகத்திலிருந்து சிவப்பு போய் வெள்ளை வருகிறதே, அதுதான் சிந்திய ரத்தம்."

எனக்கு அந்த மெஸ்காரரின் டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. அதோடு, ஏழு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் வந்தது. அன்றைக்கு ஐசக் என்னிடம் சொன்னது, நாச்சிமுத்துவை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய்த் தனியாகக் கேளுங்கள் என்பது. ஆபீஸ் அறை நூறு அடி தள்ளி இருந்தது. வெயில், முழங்கால் வலி, சோம்பல். நான் நின்ற இடத்திலேயே, எல்லார் முன்னாலும் கேட்டேன். தமிழில் கேட்டது ரிக் ஆட்களுக்குப் புரிந்தது. அதையே ஆங்கிலத்தில் ஐசக்கிடம் திருப்பிச் சொன்னது மற்ற எல்லாருக்கும் புரிந்தது. ஐசக் பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை. அவர் சொன்னது அவருக்கு மறந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

பனமரத்துப்பட்டியில் எங்களுக்கு வேண்டியவர் செல்வராஜ், அந்த ரிக் வண்டியின் டிரைவர். ஏரிக்கரை அருகே வீடு. நாங்கள் பார்த்த பக்கத்தில் ஏரியில் தண்ணீரைவிடக் கருவேல முள்தான் அதிகமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் யோசிக்கக்கூட இல்லை. "நீங்கதானுங்களே அன்னிக்குக் கேட்டது" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஏரியைப் பற்றி விசாரித்தேன்.

விஷயத்தைச் சொன்னோம். செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஊர் திரும்பும்போது விமானத்தில் நாச்சிமுத்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம். பிறகு திருச்செங்கோட்டில் எந்த ரிக் ஓனரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. கடைசியில் ஜேடர்பாளையத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கு அடுப்பெரிக்கப் போய்விட்டார். ஓனர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஐசக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"டீக்கடையில நான்தானுங்க சொன்னேன்" என்றார் செல்வராஜ். "பேச்சோட பேச்சாச் சொன்னது. அது இப்புடி ஆகுமுன்னு நெனைக்குலீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையத்துக்கு வருவதாகவும், ரிக்கில் உடன் இருந்த இரண்டு பேரைக் கூட்டிவருவதாகவும் சொன்னார். மொத்தம் மூன்று பேர் ஆயிற்று. அவர் மனைவி கம்பங்கூழ் கொடுத்தார். ஐசக் மோரும் வெங்காயமும் சேர்த்து இரண்டு சொம்பு குடித்தார். ஜாம்பியாவில் மக்காச்சோளக் களி தின்று வளர்ந்தவருக்கு அது பழகிய ருசிதான். எனக்குத்தான் இறங்கவில்லை.

அடுத்து நாமகிரிப்பேட்டை. ரிக்கின் மேனேஜராக இருந்த குமரேசன் இப்போது அங்கே மஞ்சள் வியாபாரம் செய்கிறார். அவர் வெளியூர் போயிருந்ததால் வெள்ளிக்கிழமை மதியம்தான் கிளம்பினோம். ஊருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது பஸ்ஸின் பின்டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்தது. கண்டக்டர் போனை எடுத்துக்கொண்டு டவர் தேடிப் போனார். நாங்கள் சாலையோரம் நின்றோம்.

பக்கத்தில் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றியாயிற்று. நான்கைந்து பெண்கள் சிறு மண்வெட்டியால் கிளறி, மண்ணுக்குள் தவறிப்போன கிழங்குகளைச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் யார் என்று கேட்கச் சொன்னார் ஐசக். யாரோ எவரோ, இல்லாதப்பட்டவர்கள் வருவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள் என்று பதில் வந்தது. வயலின் மூலையை அறுக்காமல் விடு, சிந்தியதைப் பொறுக்கத் திரும்பிப் போகாதே, அது ஏழைக்கும் அயலூரானுக்கும் உரியது என்று தங்கள் மறையில் கட்டளையே இருக்கிறது என்றார் ஐசக். இங்கே யார் இந்தக் கட்டளையைப் போட்டது என்று கேட்டார். காட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுக்கு ஆருங்க கட்டள போடோணும்?" என்றார்.

ஐசக் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் கருத்துப்போயிற்று. நாச்சிமுத்து என் ஊருக்கு வந்த அயலூரான், கட்டளை இருந்தும் நான் செய்தது அது என்றார். அயலூரானைக் கசக்காதே, நீயும் ஒரு காலத்தில் அயலூரானாக இருந்தவன்தானே என்று அவர்கள் மறை திரும்பத் திரும்பச் சொல்கிறதாம். என் தாத்தா அகதியாக வந்து இறங்கிய ஊரிலேயே நான் இதைச் செய்தேன் என்றார்.

மாற்று பஸ் வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஐசக் ஏற மறுத்துவிட்டார். வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை அவர்களுக்கு ஓய்வு நாள், வண்டி ஏறக் கூடாது. பஸ் முழுக்க எங்களுக்காகக் காத்திருந்தது. பெரியவருக்கு வாந்தி வருமா என்று கண்டக்டர் கரிசனமாகக் கேட்டார். சாமி குத்தமுங்க என்று பின்சீட்டில் யாரோ விளக்கம் சொன்னார்கள். அதுவே சரியான விளக்கம் என்று பஸ் போய்விட்டது. நான்கு கிலோமீட்டர் நடந்தோம். எனக்குத் தெரிந்த தூத்துக்குடி வசவுகளையெல்லாம் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அவர் முன்னதாகவே வாங்கி வைத்திருந்த இரண்டு மெழுகுவத்தியும் அணைந்தபடியே பையில் கிடந்தன. அஸ்தமனத்துக்குப் பிறகு தீ மூட்டக் கூடாது. லாட்ஜ் அறையில் பேக்கரிப் பன் இரண்டை ஒரு துணியால் மூடி வைத்து, தனியாக நின்று ஏதோ பாடினார். பத்துப் பேர் சேர்ந்து பாட வேண்டிய இடங்களை விட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னார். மறுநாள் முழுக்க அறையிலேயே இருந்தார். கூலிக்காரனின் கூலியைப் பொழுது இறங்குவதற்குள் கொடுத்துவிட வேண்டும், எதிரியின் மாடு வழிதப்பி வந்தாலும் கொண்டுபோய் விட வேண்டும், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாதவன் அங்கிருந்து விழுகிறவனின் ரத்தத்துக்குப் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களாக இருந்தன. கணக்கு வாத்தியாருக்கு அது பிடித்தது. பெரிய தத்துவம் பேசினால் நான் தூங்கியிருப்பேன்.

குமரேசன் சனிக்கிழமை மாலை அவரே அறைக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார், ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். ஆனால் வர முடியாது என்றார். செத்துப்போனவனைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். அன்று அனுப்பிவிடலாம் என்று சொன்னதில் அவருக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஐசக் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது ஆளாக நான் இருந்ததால்தான் பேசவில்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம். அணைக்கட்டுக்கு மேலே காவிரி அகலமாக, சத்தமில்லாமல் கிடந்தது. பூங்காவுக்கு வெளியே வரிசையாக மீன் வறுவல் கடைகள். மூன்றாவது கடை நாச்சிமுத்துவின் மனைவி ராசாமணியுடையது. ஐம்பது வயதுக்குள் இருக்கும். மிளகாய்ப் பொடி தடவிய ஜிலேபி மீன்களை வாணலியில் திருப்பிக்கொண்டிருந்தார். ஆற்று மீன் எனக்கு ஒத்துக்கொள்ளாது, சேற்று வாசம் அடிக்கும். ஆனால் அந்த வாசனைக்கு வயிறு கூப்பிட்டது. செதில் உள்ள மீன்தான், நீங்களும் சாப்பிடலாம் என்று ஐசக்கிடம் சொன்னேன். நாம் யார் என்று அவருக்குச் சொல்லாமல் அவர் கையால் வாங்கிச் சாப்பிடுவது ஏமாற்று வேலை, முதலில் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். பெஞ்சில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். இந்தத் தடவையாவது அதைச் சரியாகச் செய்தேன்.

ராசாமணி கேட்டுக்கொண்டே மீனைத் திருப்பினார். கேட்டு முடித்த பிறகும் அதே மீனைத் திருப்பினார். அது கருகிவிட்டது. பிறகு அடுப்பை அணைத்தார்.

"அப்ப அவிய எடுக்குலீங்களா?"

இல்லை என்றேன்.

"எங்கிட்ட சத்தியம் பண்ணுனாருங்க. புள்ள தலையில கைய வெச்சுப் பண்ணுனாரு. நான் நம்புலீங்க."

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைந்து, பேசி முடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் டீசல் கதையைக் கேள்விப்பட்டு விலகிப் போனார்கள். அன்று அக்கம்பக்கத்தார் கேட்க, திருடனுக்கு வாக்கப்பட்டதற்கு இன்னும் என்னென்ன பார்க்க வேண்டுமோ என்று ராசாமணி புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அன்று முதல் நாச்சிமுத்து வீட்டுக்குள் படுக்க வரவில்லை. வெல்ல ஆலைக் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். சோறு கொடுத்தனுப்பினால் தூக்குப்பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் கொட்டகையில் நெஞ்சு வலித்து இறந்துபோனார்.

ஐசக்கிடம் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் தன் ஒரு தப்பைத்தான் சுமந்து வந்திருந்தார். அதற்குக் கீழே இவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பழியைத் துடைக்க வந்த இடத்தில், நம்பாமல் போனோமே என்ற பாரத்தை இந்த அம்மாள் தலையில் இறக்கி வைத்துவிட்டோம். அவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசியில் கல்லறை எங்கே என்று ஐசக் கேட்டார். ராசாமணி ஆற்றைக் காட்டினார். எரித்துச் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டார்கள். ஐசக் கையில் ஒரு சின்னக் கல் இருந்தது. பண்ணையில் அந்தப் போர்க்குழி அருகே எடுத்தது, கல்லறைமேல் வைப்பது அவர்கள் வழக்கம். அதை வைக்க இடமில்லை. சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ராசாமணிதான் ஆட்களைச் சேர்த்தார். பக்கத்து மீன் கடைப் பெண்கள் இரண்டு பேர், பரிசல்காரர் ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர், நாச்சிமுத்துவின் அண்ணன், மகள். செல்வராஜும் அவருடன் இரண்டு பேரும் பதினொரு மணிக்கு வந்து இறங்கினார்கள். அண்ணன் முதலில் வர மறுத்தார். எந்தச் சர்ச்சிலிருந்து வந்திருக்கிறீர்கள், எல்லாரையும் தண்ணீரில் முக்கப் போகிறீர்களா என்று கேட்டார். இவர்கள் யாரையும் தங்கள் மதத்துக்குக் கூப்பிடுவதே இல்லை, தானாகப் போனாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அப்படி ஒரு மதமா என்று வந்தார். எண்ணிப் பார்த்தோம், ராசாமணியோடு பத்து. நான் கணக்கில் இல்லை. நீங்கள் என் வாய், சாட்சி இல்லை என்றார் ஐசக்.

படித்துறையில் எல்லாரும் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து ஐசக்கும் ஷூவைக் கழற்றினார். தண்ணீர் ஓரமாக நின்று, தங்கள் மறை மொழியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "நாச்சிமுத்து செய்யாத தப்பை அவர்மேல் சுமத்தினேன். பலர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்தேன். கடவுளுக்கும் இந்த மனிதருக்கும் நான் பாவம் செய்துவிட்டேன்." இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் 'நான்' என்று என் குரல்தான் சொன்னது. கேட்டவர்களுக்கு அது ஐசக்கைக் குறித்தது. அந்த வசதியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு, உனக்கு மன்னிப்பு உண்டு என்று பத்துப் பேரும் மூன்று முறை சொல்வது வழக்கம். நான் அதைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்தான் பேசினார்.

"அதச் சொல்ல வேண்டியவன் இல்லீங்களே. நாங்க எப்புடிங்க சொல்றது?"

மொழிபெயர்த்தேன். ஐசக் தலையை ஆட்டினார். அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்து வந்தவர் போல இருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது.

அப்போது ராசாமணி வரிசையிலிருந்து வெளியே வந்தார். சேலையை நனையவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நானும் சொல்லோணுமுங்க என்றார். என்ன என்று ஐசக் கேட்டார், சொன்னேன். அவர் கண் வரிசையில் ஒரு தடவை ஓடியது. ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஐசக் ஈரக் காலோடு நடந்துபோய், ராசாமணி நின்ற இடத்தில், மகளுக்குப் பக்கத்தில் நின்றார். பத்து ஆயிற்று.

"நீங்க எடுக்குலீன்னு சொன்னீங்க" என்றார் ராசாமணி தண்ணீரைப் பார்த்து. "நான் நம்புலீங்க சாமி. நாலு பேரு கேக்க உங்களத் திருடன்னு சொல்லிப்போட்டேன்."

மகள் மட்டும் அழுதாள். ராசாமணி திரும்பி வந்து வரிசையில் நின்றார். செல்வராஜ் இறங்கினார், டீக்கடையில் சொன்னது நான்தான் என்றார். அவர் இடத்திலும் ஐசக்தான் நின்றார். செல்வராஜ் ஏறி வந்த பிறகு தண்ணீரோரம் காலியாக இருந்தது. ஐசக் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.

கிளம்பும்போது ராசாமணி வறுத்த மீனை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். ஐசக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, ஐசக்கும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஐசக் மீனைச் சாப்பிட்டார். எனக்குப் பசி போய்விட்டது.

மறுநாள் சேலம் ஜங்ஷன். அவருக்குச் சென்னை ரயில், எனக்குத் தெற்கே போகிற ரயில். அவருடைய ரயில் வந்து நின்றதும் என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளி, மூட்டைகள் அடுக்கியிருந்த ஓரமாக அழைத்துப்போனார். சுற்றும்முற்றும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அன்றைக்கு, அவரை உள்ளே கூட்டிப்போய்க் கேளுங்கள் என்று உங்களிடம் சொன்னேன்" என்றார் மெதுவாக.

ஆமாம் என்றேன்.

"ஏழு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பண்ணை என்னுடையது, பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், அதனால் அது என் தப்புத்தான். நேற்று ஆற்றங்கரையில் உங்களுடையதை நான் சொல்லியிருந்தால், பத்துப் பேர் முன்னால் இன்னொரு மனிதனையும் தலைகுனிய வைத்தவன் ஆகியிருப்பேன்."

என் தோளைத் தட்டிவிட்டுப் போய் ரயில் ஏறினார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜேடர்பாளையத்துக்குத் தனியாகப் போய்வர இரண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை முழங்கால் வலி, ஒரு தடவை மழை. இப்படிக் காரணம் கண்டுபிடிப்பதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன். போகத்தான் வேண்டும், போவேன். அதற்கு முன்னால் இதை எழுதி அனுப்புகிறேன். இதைப் படிக்க எப்படியும் பத்துப் பேர் இருப்பீர்கள்.

வெயில், சோம்பல் என்று மேலே எழுதினேன். அது முழு உண்மை இல்லை. அன்று அந்தக் கூட்டம் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இல்லாவிட்டால் அங்கே யாருக்கும் ஒன்றும் நடக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் உள்ளே கூட்டிப்போகவில்லை, குரலை உயர்த்திக் கேட்டேன். ஜேடர்பாளையம் நாச்சிமுத்து, ரிக் டிரில்லர், ஒரு சொட்டு டீசலும் எடுக்காதவர். பலர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்தது நான்.